சூரியன் இல்லாத படம்

வான் வந்து நின்று இரண்டு தரம் ஹோர்ன் அடித்த பிறகும் நாகேந்திரம் ட்ரேசிங் தாளைச் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றார். சுருள் அவர் எதிர்பார்த்த ஒடுக்கத்துக்கு வரவில்லை. சாப்பாட்டு மேசையின் மற்றத் தொங்கலில் தாளின் நுனியைப் பிடிக்கச் சொல்லி அருந்ததியை நிறுத்தியிருந்தார். அவள் ஒரு கையால் தாளைப் பிடித்தபடி மறுகையால் கைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தாள். அடையாள அட்டை இருந்தது. வெள்ளவத்தைப் பொலிஸில் பதிந்த துண்டு இருந்தது. நாளைக் காலை கனடா ஹைகொமிசனில் நேர்முகம் என்று அறிவிக்கும் கடிதத்தை மட்டும் அவள் வேண்டுமென்றே அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தாள். அது இந்த மனிதரோடு ஊர் சுற்றக் கூடாது.

"பெரியப்பா, நாளைக்கு எனக்கு இன்ரர்வியூ."

"தெரியும் பிள்ளை."

"இண்டைக்கு நான் கட்டாயம் வரத்தான் வேணுமே?"

"பின்னேரம் நாலு மணிக்கு நீ இந்தக் கதிரையிலை இருந்து தேத்தண்ணி குடிப்பாய். எழுதித் தரட்டே?"

குசினிக்குள் இடியப்பப் பார்சல் கட்டிக்கொண்டிருந்த பெரியம்மா அன்னபாக்கியம் தலையை நீட்டவில்லை. குரலை மட்டும் நீட்டினாள். "எழுதிக் குடுக்கிறதிலை அவரை ஆரும் வெல்லேலாது. வேலை செய்த காலம் முழுக்க எழுதித்தானே கொழும்பிலை பாதிக் கடைக்காரரை அழவைச்சவர்."

நாகேந்திரம் வருமான வரி மதிப்பீட்டாளராக இருந்து இளைப்பாறியவர். கணக்குக் காட்டாத வியாபாரிக்கு, உமது வருமானம் இவ்வளவு என்று தன் பாட்டில் ஒரு தொகையை எழுதி அனுப்புவது அவருடைய தொழில். மறுத்து மேன்முறையீடு வராவிட்டால் அந்தத் தொகையே உண்மை. இளைப்பாறிய பின் அதே முறையைச் சரித்திரத்துக்கும் பாவிக்கத் தொடங்கினார். அதற்காகவே 'தொன்மைத் தமிழர் ஆய்வு வட்டம்' என்று ஒன்றை நிறுவி, தானே தலைவரும் ஆனார். வட்டம் மாதத்தில் ஒரு ஞாயிறு அவருடைய ஃபிளாட்டின் முன்னறையில் கூடும். அதன் முழு அங்கத்தவரையும் ஒரு சோபாவும் சில கதிரைகளும் தாங்கும். இதுவரை நாகர், இயக்கர், சிந்துவெளி மக்கள் என்று பலருக்கும் மதிப்பீடு அனுப்பியாயிற்று. எவரும் மேன்முறையீடு செய்யவில்லை.

இந்த நிலையில்தான் ஒரு பத்திரிகையின் ஞாயிறு மலரில், குருநாகலைக்கு அப்பால் காட்டுக்குள் ஒரு பெரிய குகை, அதன் சுவரில் ஆதி மனிதர் கீறிய சித்திரங்கள் என்று செய்தி வந்தது. கூடவே முத்திரை அளவில் மங்கலான ஒரு படம். பூதக்கண்ணாடி வைத்து ஒரு கிழமை அதைப் பார்த்த நாகேந்திரம், அது ஆதித் தமிழ்க் குறுநில மன்னன் ஒருவனின் படை அணிவகுப்பு என்று தீர்மானித்தார். வருகிற சனிக்கிழமைக்கு மண்டபம் எடுத்தாயிற்று. 'குகை சொல்லும் சேதி: ஆதித் தமிழரின் படைச் சிறப்பு' என்று அழைப்பிதழும் அச்சடித்தாயிற்று. குகையைப் பார்ப்பது ஒன்றுதான் மிச்சம்.

அதற்கு அருந்ததி தேவைப்பட்டாள். அவளுடைய அப்பா ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த காரணத்தால் சின்ன வயதில் சிங்கள ஊரான பொல்காவலையில் வளர்ந்தவள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் சிங்களப் பிள்ளை என்றே சொல்வார்கள். நாகேந்திரமும் சிங்களம் படித்தவர்தான். சம்பள உயர்வுக்காகச் சோதனை எழுதி, திறமைச் சித்தி பெற்றவர். ஆனால் அது தாளில் எழுதுகிற சிங்களம். வாயால் கதைத்தால் கல்வெட்டு ஒன்று எழும்பி நின்று பேசுவது போலிருக்கும். மீன்காரன் ஒருவன் ஒருமுறை அவரைக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

அருந்ததியால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. நாலு வருடமாகப் பெரியம்மா வீட்டுச் சோற்றில் இருக்கிறாள். கணவன் சிவானந்தன் ரொறன்ரோவில் ஏதோ ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. கலியாணம் முடித்து ஆறு மாதத்தில் போனவன். அவன் அனுப்பிய ஸ்பொன்சர் இவ்வளவு காலம் ஊர்ந்து ஊர்ந்து நாளைக்கு வந்து நிற்கிறது. தவறவிட்டால் கோப்பு அடியில் போய்விடும்; மேலே வர இன்னும் எத்தனை வருடமோ. பொலிஸில் பிடிபட்டுப் பெயர் பதிந்தால் அதுவும் இல்லை, கிளியரன்ஸ் தரமாட்டார்கள். இதையெல்லாம் யோசித்துக்கொண்டே அவள் தாளின் நுனியை விட்டாள். அது சுருண்டு ஓடிப் போய் நாகேந்திரத்தின் வயிற்றில் இடித்தது.

"கவனம்! ஆவணம்!" என்றார் அவர். தாளில் இன்னும் ஒரு கோடு கூட இல்லை.

வான்காரன் வலன்ரைன் கொட்டாஞ்சேனை ஆள். கண்ணாடிக்கு முன்னால் அந்தோனியார், பிள்ளையார், புத்தர் மூவரையும் வரிசையாக ஒட்டி வைத்திருந்தான். எந்தச் செக்பொயின்றில் யார் நிற்பார்கள் என்று சொல்ல முடியாதாம். அவனுக்குப் பக்கத்து இருக்கையில் வட்டத்தின் செயலாளர் சண்முகலிங்கம் மாஸ்டர் ஏற்கெனவே ஏறி இருந்தார். கணக்கு ரியூசன் கொடுப்பவர். நாகேந்திரம் சொல்லும் வசனத்தின் கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்வது அவருடைய பழக்கம்.

"ஐயா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க," என்றான் வலன்ரைன். "வழியில எவனாச்சும் மறிச்சா மிஸ் மட்டும் பேசட்டும். நீங்க தூங்கிற மாதிரி இருங்க."

"நாங்கள் களவெடுக்கப் போகேல்லை. ஆய்வுக்குப் போறம்."

"ஆய்வுக்கு," என்றார் சண்முகலிங்கம்.

"அதத்தான் சொல்றேன். களவெடுக்கப் போறதுன்னா பயமில்ல, ஐயா. அவங்களுக்கு வெளங்கும்."

போகும்போது ஒன்றும் நடக்கவில்லை. மறித்த இடத்திலெல்லாம் அருந்ததி கண்ணாடியை இறக்கி, பெரியப்பாவுக்கு நேர்த்திக்கடன், புத்தர் கோயிலுக்கு, பன்சலைக்குப் போகிறோம் என்று சிரித்தாள். நாகேந்திரம் பின்னால் இருந்து உறுமினார். பொய் சொல்லி உண்மையைத் தேடப் போகிறோம் என்று அவர் குருநாகலை வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். பிறகு இடியப்பம் வந்தது. உண்மை சற்று நேரம் பொறுத்திருந்தது.

குகை பெரியதுதான். அதை ஒத்துக்கொள்ள வேண்டும். வயல் வரம்பில் நடந்து, பற்றைக்குள் நுழைந்து, காற்சட்டையில் முள் ஏற்றி, மாஸ்டரின் ஒரு செருப்பைச் சேற்றுக்குக் கொடுத்து மேலே ஏறிய பிறகு, பாறை வாயைத் திறந்தது. ஒரு ரயில் பெட்டியை உள்ளே தள்ளிவிட்டால் மறுபடி கண்டெடுக்க நேரம் எடுக்கும். உள்ளே வௌவால் நாற்றமும் குளிரும். வாசலிலிருந்து வரும் வெளிச்சம் தேயும் இடத்தில், சுவரில், சாம்பல் வெள்ளையில் கீறல்கள். கையை அகல விரித்த குச்சி மனிதர். நாலு கால் உள்ள ஏதோ ஒன்று. அதன் முதுகில் ஒருவன். வில் மாதிரி ஒன்று. கட்டங்கள். வரிசை வரிசையாகப் புள்ளிகள், மழை பெய்தது போல.

அருந்ததி இவ்வளவுக்குத்தானா என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு கிட்டப் போய்ப் பார்த்தாள். ஒவ்வொரு கோடும் ஒரு விரலின் அகலம். தூரிகை இல்லை, விரலே தான். ஒரு புள்ளியில் விரல் அழுத்தி எடுத்த தடம் நடுவில் மெல்லியதாகவும் ஓரத்தில் தடிப்பாகவும் இருந்தது. அவளுக்குத் தன் சுட்டுவிரலை அதில் வைத்துப் பார்க்க வேண்டும் போலிருந்தது. வைக்கவில்லை.

"அணிவகுப்பு!" என்று குகைக்குள் நாகேந்திரத்தின் குரல் மூன்று முறை கேட்டது. நாலாவது தரம் சண்முகலிங்கம்.

விறகு பொறுக்க வந்த பெண்ணொருத்தி வாசலில் கட்டை இறக்கிவிட்டு, இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அருந்ததி சிங்களத்தில் கதை கொடுத்தாள். அந்தப் பெண்ணுக்குக் குகையைப் பற்றிப் பெரிய அபிப்பிராயம் ஒன்றும் இல்லை. மழைக்கு ஒதுங்கலாம், பாம்பு இருக்கும் என்றாள். படங்களை யார் கீறினார்கள் என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினாள். வேட்டைக்குப் போன ஆம்பிளைகள் திரும்பி வரச் சுணங்கினால், காத்துக்கொண்டிருந்த பெண்கள் சாம்பலை எச்சிலில் குழைத்துக் கீறினார்களாம் என்று மாமியார் சொல்லுவாள். அது மெய்யோ பொய்யோ. சும்மா இருந்தால் கை ஏதாவது செய்யும்தானே. சொல்லிவிட்டுக் கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனாள்.

அருந்ததி இதைத் தமிழில் சொன்னபோது நாகேந்திரம் ஏணி இல்லாத குறைக்கு வலன்ரைனின் முதுகில் ஒரு காலை வைத்துக்கொண்டிருந்தார்.

"பொம்பிளையளோ? வில் இருக்கு, அம்பு இருக்கு, படை இருக்கு. பொம்பிளையளுக்கு என்ன தெரியும் படையைப் பற்றி?"

"ஆம்பிளையள் எப்ப வருவினம் எண்டு பாத்துக்கொண்டு இருந்தா, வில்லு அம்பு வடிவாத் தெரியுந்தானே பெரியப்பா."

"உது கிராமத்துக் கட்டுக்கதை. மாஸ்டர், தாளை இழுத்துப் பிடியும்!"

தாளைப் பாறையில் பொருத்தி, பென்சிலால் ஒற்றி எடுத்தார்கள். பாறைச் சித்திரத்தில் தாளை வைத்து உரசக் கூடாது என்று வாசித்த ஞாபகம் அருந்ததிக்கு இருந்தது. சொன்னால் அதற்கும் ஒரு விளக்கம் வரும். அதில் அரை மணித்தியாலம் போகும். வாயை மூடிக்கொண்டாள். ஒற்றி முடிந்ததும் நாகேந்திரம் தாளை நிலத்தில் விரித்து, முழங்காலில் நின்று, தொழில் முறைப்படி அதைப் பூர்த்தி செய்தார். வடக்குத் திசைக்கு அம்புக்குறி. வாசலிலிருந்து சுவர் எத்தனை அடி, உயரம் எத்தனை அடி. பிறகு ஒவ்வொரு உருவத்துக்குப் பக்கத்திலும் தெளிவான தமிழ் எழுத்தில்: படைத்தலைவன். காலாட்படை. ஒற்றன். கட்டம் போட்ட இடத்துக்குக் கொஞ்சம் யோசித்து, காவலரண்.

அந்த நேரத்தில் அதை வாசித்துப் பார்க்காமல் விட்டதுதான் தன் பிழை என்று அருந்ததி பிறகு நினைத்தாள். அவள் வாசலில் நின்று வெயில் எவ்வளவு சரிந்துவிட்டது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும் வழியில், காலையில் யாரும் இல்லாதிருந்த ஒரு சந்தியில் புதிதாகத் தடை போட்டிருந்தார்கள். ஆமிக்காரன் மீசை முளைக்காத பொடியன். வானுக்குள் தலையை விட்டுப் பார்த்தான். எல்லோருடைய அடையாள அட்டையும் இரண்டு மொழியில் இருந்தது; தமிழருக்குத்தான் அப்படி. வலன்ரைனைத் தவிர மற்ற மூவருக்கும் பிறந்த இடம் யாழ்ப்பாணம். பன்சலைக் கதையை அவன் பாதியில் நிறுத்தி, நாகேந்திரம் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்த சுருளைத் துவக்கின் முனையால் தொட்டான்.

"மொகக்த மே?"

அது என்ன என்று கேட்டவனுக்கு அருந்ததி பதில் சொல்ல முன்பு சுருள் வானின் முன்மூடியில் விரிந்துவிட்டது. அம்புக்குறி. அடிக்கணக்கு. வரிசையாக மனிதர். பொடியன் இரண்டு அடி பின்னால் போய் விசில் ஊதினான்.

"அந்தோனியாரே," என்றான் வலன்ரைன், எஞ்சினை நிறுத்திக்கொண்டு. "மூணு பேர ஒட்டியும் பிரயோசனம் இல்லியே."

பொலிஸ் நிலையம் ஒரு பழைய ஓட்டு வீடு. அங்கே தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள், புத்தளப் பக்கத்து முஸ்லிம் கான்ஸ்டபிள். சோதனை வினாத்தாளைக் கண்டவர் போல் ட்ரேசிங் தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, தமிழில் ஒருமுறை உரக்க வாசித்து, சிங்களத்தில் ஒருமுறை சொன்னார்.

"படைத்தலைவன்," என்று வாசித்தார். கமாண்டர். "ஒற்றன்." உளவாளி. "காவலரண்." இந்த இடத்தில் அவர் தாளை இறக்கி, நாகேந்திரத்தைப் பரிதாபமாகப் பார்த்தார். "வாப்பா, இத எழுதித்தான் ஆகணுமா இருந்திச்சா? சும்மா கல்லு, மரம்னு எழுதப்படாதா?"

பொறுப்பதிகாரிக்குப் பல்வலி. ஒரு பக்கக் கன்னம் இட்டலி போல வீங்கியிருந்தது. கராம்பு எண்ணெய் தோய்த்த பஞ்சைக் கடித்துக்கொண்டு கதிரையில் சரிந்திருந்தார். அவர் எரிச்சல் பட்டது தமிழர் மேலோ சிங்களவர் மேலோ அல்ல, கடைவாய்ப் பல்லின் மேல். இது நல்ல சகுனம் என்று அருந்ததிக்குப் பட்டது. இரண்டு வசனத்தில் முடித்தால் வெளியே போய்விடலாம். அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் நாகேந்திரம் எழுந்து நின்றுவிட்டார்.

அவருடைய சிங்களம் வந்தது. கல்வெட்டுச் சிங்களம். மாண்புமிகு அதிகாரி அவர்களே, இச்சித்திரங்கள் யாதெனில் என்று தொடங்கி, ஒரு மூச்சும் விடாமல், இவை தமிழ்ப் படையினருடையவை என்றும், இந்நாட்டிற்கு முதன்முதல் வந்தோர் யாவர் என்பதற்கு இவையே நிரூபணம் என்றும் அவர் ஒரு போர்க்காலத்துப் பொலிஸ் நிலையத்தில், சுவரில் தேடப்படுவோர் படங்களுக்குக் கீழே நின்று அறிவித்தார். எழுதிக்கொண்டிருந்த கான்ஸ்டபிளின் பேனை நின்றது. சண்முகலிங்கம் மாஸ்டர் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்லவில்லை.

மூலையில் இருந்த சார்ஜன்ற் பொறுக்கமாட்டாமல் எழும்பினார். அது பொய், அந்தக் குகை தங்கள் ஊர்க் குகை, படங்களைக் கீறியது சிங்கள அரசனின் மெய்க்காவலர், பன்சலையில் பெரிய பிக்கு ஹாமுதுரு சொல்லியிருக்கிறார் என்றார். நாகேந்திரம் ஆதாரம் கேட்டார். சார்ஜன்றும் ஆதாரம் கேட்டார். பொறுப்பதிகாரி கன்னத்தைப் பொத்திக்கொண்டு மேசையில் அடித்தார்.

"இரண்டு பேரும் இருங்கள்! அரசனாம்! எனக்குப் பல் கழலப் போகிறது. இதைக் கொழும்புக்கு அனுப்பு, விசாரிப்பவர்கள் விசாரிக்கட்டும். இவர்கள் நாலு பேரும் இன்றிரவு இங்கே இருக்கட்டும்."

இன்றிரவு. அருந்ததியின் காதுக்குள் அந்தச் சொல் மட்டும் நின்றது. இன்றிரவு என்றால் நாளையும்தான். நாளை என்றால் பிறகு எத்தனை நாள் என்று யாருக்கும் தெரியாது. ஹைகொமிசன் வாசலில் அவளுடைய இலக்கத்தைக் கூப்பிடுவார்கள். இரண்டாம் தரம் கூப்பிடுவார்கள். அடுத்த இலக்கத்துக்குப் போவார்கள். சிவானந்தன் வேலை முடிந்து வந்து தொலைபேசிக்குப் பக்கத்தில் இருப்பான். பெரியப்பாவின் படைத்தலைவனுக்காக. அவளுக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடிக்கிற கோபம் வந்தது.

"சேர்," என்றாள் சிங்களத்தில். "அவர் வயசு போனவர். கொஞ்சம்..." என்று தலைக்குப் பக்கத்தில் விரலைச் சுழற்றினாள். "இது எங்கள் ஃபிளாட்டில் இருக்கிற சின்னப் பிள்ளைகள் கீறிய படம். சண்டை விளையாட்டு விளையாடுகிறார்கள். இவர் அதைப் பார்த்துப் பார்த்து, குகையில் இருக்கிற படமும் இதுவும் ஒன்றா என்று ஒப்பிடப் போனார். வேறொன்றும் இல்லை."

"சின்னப் பிள்ளைகள் படைத்தலைவன், காவலரண் என்று எழுதுமா?"

"இந்த நாட்டிலே பிள்ளைகள் வேறு எதைக் கீறும், சேர்?"

பொறுப்பதிகாரி பஞ்சை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்றினார். அவருடைய மேசைக் கண்ணாடிக்குக் கீழே ஒரு படம் இருந்தது. அருந்ததி அப்போதுதான் கண்டாள். வீடு, தென்னை மரம், இமை மயிர் வைத்த ஒரு பெரிய மஞ்சள் சூரியன். தென்னைக்கு மேலே, பச்சை நிறத்தில், ஒரு ஹெலிகொப்ரர்.

அவர் அவளை விட்டுவிட்டு நாகேந்திரத்தைப் பார்த்தார்.

"மாத்தயா, அப்படியா? இது பிள்ளைகள் கீறியதா?"

நாகேந்திரத்துக்குச் சிங்களம் விளங்கும் என்பதுதான் இப்போது தொல்லை. சுழற்றிய விரலும் விளங்கியிருந்தது. அவர் திரும்பி அருந்ததியைப் பார்த்தார். காது இரண்டும் சிவந்து போயிருந்தன.

"என்னடி சொன்னனீ?"

"பெரியப்பா," என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "நாளைக்கு எனக்கு இன்ரர்வியூ."

காலையில் சொன்ன அதே வசனம்தான். காலையில் அவர் தெரியும் பிள்ளை என்று சொல்லியிருந்தார். இப்போது, மேசையில் விரிந்து கிடந்த தாளைப் பார்த்தார். அவருடைய உதடு அசைந்தது; மேன்முறையீடு ஒன்றை வாசிப்பது போல. வெளியே வலன்ரைன் யாரிடமோ பீடிக்கு நெருப்புக் கேட்கும் சத்தம் கேட்டது.

"எசேய," என்றார் நாகேந்திரம்.

ஆம், அவ்வாறே. புத்தகத்தில் அரசர்கள் மட்டும் சொல்கிற ஆம். கான்ஸ்டபிள் சிரிப்பை அடக்க மேசை லாச்சிக்குள் எதையோ தேடினார். ஆனால் பொறுப்பதிகாரி சிரிக்கவில்லை. அவர் தாளைத் தன் பக்கம் இழுத்து, கண்ணாடிக்குக் கீழே இருந்த படத்துக்குப் பக்கத்தில் வைத்து, நிதானமாக இரண்டையும் பார்த்தார். பல்வலிக்காரனின் நிதானம், பொல்லாதது.

"என் மகள் ஹெலி கீறினாலும் சூரியன் வைக்காமல் விடமாட்டாள். எந்தப் பிள்ளையும் விடாது. இதிலே சூரியன் எங்கே?"

அவர் பேனைத் தகரத்திலிருந்து ஒரு சிவப்பு ஃபெல்ற் பேனையை எடுத்து, மூடியைக் கழற்றி, நாகேந்திரத்தின் முன்னால் வைத்தார். "பிள்ளைகளின் படம் என்றால் ஒரு சூரியனால் கெட்டுப்போகாது. வேறு ஏதாவது என்றால் மாத்தயாவின் கை வராது. கீறுங்கள்."

அருந்ததி அந்தப் பேனையைத் தான் எடுக்கலாமா என்று நினைத்தாள். கை அரைவாசி நீண்டும் விட்டது. பொறுப்பதிகாரி கண்ணாலேயே வேண்டாம் என்றார்.

நாகேந்திரம் பேனையை எடுத்தார். எந்தத் திசையில் என்று கேட்டார், கல்வெட்டுச் சிங்களத்தில், மரியாதையாக. மேலே என்றார் அதிகாரி. மேலே வெற்றிடம் இருந்த இடம் ஒன்றுதான். படைத்தலைவனின் தலைக்கு நேரே. அவருடைய கை முதலில் தாளைத் தொடாமல் ஒரு வட்டம் போட்டுப் பார்த்தது. பிறகு தொட்டது. தொடங்கிய இடத்தில் வந்து முடியவில்லை. ஒரு பக்கம் கோணியது. சிவப்பு மை தாளில் ஊறிப் படர்ந்தது. கதிர்களை ஒவ்வொன்றாகப் போட்டார். ஆயுள் முழுக்கக் கணக்குப் புத்தகத்தில் சரி போட்ட கை. கதிர்கள் எல்லாம் சரி அடையாளங்களாகவே வந்து விழுந்தன.

"கண், வாய்?"

இரண்டு புள்ளி வைத்தார். கீழே ஒரு வளைவு. சூரியன் சிரித்தது.

பொறுப்பதிகாரி தாளை எடுத்துத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "இப்ப சரி," என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்ததா, ஒன்றும் தெரியாதா, பல் வைத்தியரிடம் போக அவசரமா என்று அருந்ததியால் கடைசி வரைக்கும் தீர்மானிக்க முடியவில்லை. அடையாள அட்டைகள் திரும்பி வந்தன. பெயர் எதையும் எழுதவில்லை. வாசலில் கான்ஸ்டபிள் சுருளை நாகேந்திரத்தின் கையில் கொடுத்து, "ஊட்டுக்குப் போய் எழுத்த அழிச்சிருங்க வாப்பா," என்றார்.

வான் கொழும்புப் பக்கம் திரும்பியது. குருநாகலை தாண்டியதும் சண்முகலிங்கம் மாஸ்டர், "சனிக்கிழமை மண்டபம்..." என்று இழுத்தார். முதல் தடவையாக ஒரு வசனத்தைத் தானாகத் தொடங்கியவருக்கு அதை முடிக்கத் தெரியவில்லை. வலன்ரைன்தான் கடைசியில் சகிக்க முடியாமல் சொன்னான். "விடுங்க ஐயா. நல்லாத்தான் கீறுனீங்க. நம்ம கோயில் திருநாளுக்கு ஒரு பெனர் கீற ஆள் தேடிட்டு இருக்காங்க."

நாகேந்திரம் கோபிக்கவில்லை. அதுதான் அருந்ததிக்கு ஒரு மாதிரி இருந்தது. அவர் கத்தினால் அவளும் கத்தலாம். காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் கொட்ட இடமில்லை. தலைக்குப் பக்கத்தில் சுழற்றிய விரலை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு இருந்தாள்.

வீட்டில் அன்னபாக்கியம் கதவைத் திறந்து, ஆட்களை எண்ணி, "நாலு மணித் தேத்தண்ணி ஆறிப்போச்சு," என்று மட்டும் சொல்லிச் சோறு போட்டாள். நடந்ததைக் கேட்டபோது கையைத் தலையில் வைத்தாள். கேட்டு முடித்த பிறகு கணவனின் சோற்றுக் கோப்பையில் இன்னொரு துண்டு மீன் போட்டாள். அப்படி அவள் ஒருநாளும் செய்வதில்லை.

காலையில் அருந்ததி நீலச் சேலை உடுத்து, கடிதத்தையும் படங்களையும் மற்றக் கடதாசிகளையும் எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தபோது, நாகேந்திரம் ஏற்கெனவே சாப்பாட்டு மேசையில் இருந்தார். பெனியனும் சாரமும். தாளை விரித்து, நாலு மூலைக்கும் சீனிப் போத்தல், ஊறுகாய்ப் போத்தல், வருமான வரிச் சட்டம், அன்னபாக்கியத்தின் தேவாரப் புத்தகம் என்று பாரம் வைத்திருந்தார். சவர அலகு ஒன்றை இரண்டு விரலால் பிடித்து, சிவப்பு மையை மெல்ல மெல்லச் சுரண்டிக்கொண்டிருந்தார். எப்போது தொடங்கினாரோ தெரியாது. படைத்தலைவன் என்ற சொல்லும் மற்றச் சொற்களும் போய்விட்டிருந்தன. அவற்றை அழிறப்பரால் அழித்திருக்க வேண்டும். வெறும் குச்சி மனிதர்கள் கையை அகல விரித்து நின்றார்கள்.

"போட்டு வாறன், பெரியப்பா."

அவர் நிமிரவில்லை. அலகைச் சற்றே நிறுத்தினார். "கேக்கிறதுக்கு மட்டும் மறுமொழி சொல்லு. விளக்கம் குடுக்க வெளிக்கிடாதை."

"ஓம்."

"சிரிச்சுக்கொண்டு சொல்லு."

"ஓம் பெரியப்பா."

அன்னபாக்கியம் குசினியிலிருந்து திருநீற்றுக் கிண்ணத்தோடு வந்தாள். அருந்ததி நெற்றியைக் கொடுத்துக்கொண்டே பார்த்தாள். அவர் தாளைப் பாரங்களிலிருந்து விடுவித்து, இரண்டு கையாலும் தூக்கி, சுரண்டியது போதுமா என்று பார்க்க யன்னல் பக்கம் பிடித்தார். அந்த யன்னலில், எதிர் ஃபிளாட்டுகள் இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஒடுக்கத்தால், காலையில் கொஞ்ச நேரம்தான் வெயில் வரும். இப்போது வந்திருந்தது. சிவப்பு முழுவதும் போய்விட்டது. கூடவே தாளும் போய்விட்டது. சூரியன் இருந்த இடத்தில் ஒரு ஓட்டை, ஒரு பக்கம் கோணலாக. கையை விரித்த மனிதர் அதைச் சுற்றி நின்றார்கள். ஓட்டைக்குள்ளால் வந்த வெயில் அவருடைய பெனியனில், நெஞ்சுக்கு மேலே, ஒரு வெளிச்சத் துண்டாக விழுந்து, அவர் மூச்சு விடும் போதெல்லாம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைக் காணவில்லை. தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே ஓட்டோக்காரன் ஹோர்ன் அடித்தான்.